ஒரே மூச்சில் சொன்னது

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா ஒரு தகரப் பெட்டியும் பச்சை வாளியும் வாங்கி வந்து வீட்டு நடுவில் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவருடைய அக்கா மகன் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் படித்து மெடிக்கல் சீட் வாங்கியிருந்தான். அவன் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் எங்கள் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் வெளுத்துப்போகும் வரை கட்டியிருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அப்பா மொபெட்டின் வேகத்தைக் குறைப்பார். அடுத்த படம் என்னுடையது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தார்.

"பத்து வயசுப் புள்ளைங்க. இன்னும் ரெண்டு வருசம் போகட்டுமுங்க," என்றாள் அம்மா.

"ஆறாவதுலயே சேர்த்தாத்தான் அஸ்திவாரம் பலமா இருக்கும்னு அங்க சொல்றாங்க," என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பெட்டி அவ்வளவு அழகாக இருந்தது.

எங்கள் ஊர் வெண்ணந்தூர். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. அதில் அப்பாவும் அம்மாவும் முறை மாற்றி விசைத்தறி ஓட்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் தடதடத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பிறந்ததிலிருந்து தூங்கி வந்தேன். ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம்தான், சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது தெரிந்தது. மூன்றாவது மாடியில் நீளமான ஹால், வரிசையாகக் கட்டில்கள். எல்லோரும் தூங்கிய பிறகும் நான் மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பேன். விடியப்போகும் நேரத்தில் அடித்துப் போட்டது போல ஒரு தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் மெத்தை நனைந்துவிடும்.

அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. வீட்டில் நான்கு வயதிலேயே நின்றுவிட்ட பழக்கம். முதல் நாள் எனக்கே என்ன நடந்தது என்று புரியவில்லை. பெட்ஷீட்டை மேலே இழுத்துப் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வார்டன் மேடம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவர் என்னை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. "சுருட்டு," என்றார். சுருட்டினேன். "தலையில வை," என்றார். வைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன இலவம்பஞ்சு மெத்தை, நனைந்ததால் கனம். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிகள் இறங்கி, காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்றவர்களின் முன்னால் கிரவுண்டை ஒரு சுற்றுச் சுற்றி, காம்பவுண்டுச் சுவரில் காயப்போட வேண்டும். மெத்தை நனையும் ஒவ்வொரு காலையும் இதுதான் சட்டம்.

அது அநேகமாக எல்லாக் காலையிலும் நனைந்தது.

பிள்ளைகள் எனக்கு 'மேட்டூர் டேம்' என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு ஹாலில் நான் நுழைந்தால், "இன்னைக்கு எத்தனை கன அடி திறந்தாங்க?" என்று எவளாவது கேட்பாள். மேசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். முதலில் இரவுச் சாப்பாட்டின்போது நிறுத்தினேன். பிறகு மாலையில். பிறகு மதியத்துக்கு மேல் ஒரு வாய் கூடக் கிடையாது. உதடு வெடித்தது. தலை எப்போதும் வலித்தது. பாத்ரூம் போனால் எரிந்தது. மெத்தை மட்டும் வழக்கம்போல நனைந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சேலத்துப் பெண். ஏழாம் வகுப்பு. அப்பாவை அவள் அத்தா என்பாள்; அவருக்குச் சேலம் கடைவீதியில் பாத்திரக் கடை. லீவு நாள்களில் அவளும் கடையில் நிற்பாளாம். அதனாலோ என்னவோ, எதைப் பேசினாலும் பேரம் பேசுவது மாதிரி இருக்கும். எல்லோரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக என்மேல் இரக்கமும் காட்டவில்லை. ஒருநாள் துணி காயப்போடும் இடத்தில் என்னைப் பிடித்துக் கேட்டாள்.

"உங்க ஊட்ல தெரியுமா?"

"தெரியாது."

"ஞாயித்துக்கிழமை போன் பேசறியே, அப்ப என்னதான் சொல்ற?"

நான் ஈரப் பாவாடையை உதறிக் கொடியில் போட்டேன். அவளுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் வார்டன் மேடத்தின் அறை வாசலில் வரிசை கட்டி நிற்போம். மேடம் தன் செல்போனில் வீட்டு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, கையிலேயே பிடித்துக்கொள்வார். நாங்கள் அதை நோக்கிப் பேச வேண்டும். நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடறேன், நல்லா படிக்கறேன். யாராவது அழ ஆரம்பித்தால் மேடம் போனைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டு, "புதுசு இல்லீங்களா, அப்படித்தான் இருக்கும், பழகிடும்," என்று சிரித்த குரலில் சொல்லி வைத்துவிடுவார். நான் ஒவ்வொரு வாரமும் 'அம்மா' என்றதுமே அழுதேன். ஒவ்வொரு வாரமும் போன் மேடத்தின் காதுக்குப் போனது.

"உன் தப்பு என்னன்னா, நீ முதல்ல அழற," என்றாள் சேலத்துக்காரி. "அழுதா பிடுங்கிடுவாங்க. அழுகை வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிரணும். எங்கே, சொல்லு பார்ப்போம். என்ன சொல்லுவ?"

"அம்மா, என்னை வந்து கூட்டிட்டுப் போ..."

"அது செல்லாது. எல்லாப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். கூட்டிட்டுப் போன்னு சொல்லாதே. இங்க என்ன நடக்குதுன்னு சொல்லு. கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று நாங்கள் அந்த வாக்கியத்தைச் செய்தோம். அவள் வெட்டினாள், சேர்த்தாள், மறுபடி வெட்டினாள். வார்டன் 'மேடம்' என்பது வேண்டாம், வார்டன் போதும் என்றாள். 'மேட்டூர் டேம்' பற்றிச் சொல்ல வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "அது வேண்டாம், நேரம் தின்னும்," என்று எடுத்துவிட்டாள். தண்ணீர் விஷயத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னதும் அவள்தான். "அதைக் கேட்டா எந்த அம்மாவும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க." பிறகு ஒரே மூச்சில் சொல்லிப் பழகினேன். நடுவில் மூச்சு வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. குளிக்கும்போது சொன்னேன், படியேறும்போது சொன்னேன், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு கிரவுண்டைச் சுற்றும்போதும் வாய்க்குள் சொன்னேன். சுற்றும்போது வேறொரு வேலை இருந்தது எனக்கு முதல்முறையாக நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தது அப்பா.

"சாமி! நல்லா இருக்கறயா? நேத்து நம்ம சந்தையில உன்னப் பத்தித்தான் பேச்சு. எம்புள்ள அங்க படிக்குதுன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஆச்சரியம்."

எனக்குள் கட்டி வைத்திருந்த வாக்கியம் அப்படியே உள்ளே போய்விட்டது. "நல்லா இருக்கேம்பா," என்றேன். முதல்முறையாக நான் அழாமல் பேசியதைக் கேட்டு வார்டன் மேடம் என் தலையைத் தடவினார். வெளியே வந்ததும் சேலத்துக்காரி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "அடுத்த வாரம்," என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அம்மா எடுத்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆனால் வாய் பழகிவிட்டிருந்தது.

"அம்மா, டெய்லி மெத்தை நனைஞ்சிருது, வார்டன் அதை என் தலைல வச்சு எல்லார் முன்னாலயும் கிரவுண்டச் சுத்த வைக்கறாங்க, அதுக்குப் பயந்து நான் தண்ணியே குடிக்கறதில்ல."

சொல்லி முடித்துவிட்டேன். கடைசிச் சொல் வரை சொல்லிவிட்டேன். மேடத்தின் கை போனோடு மேலே போனபோது சொல்வதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் சிரித்த குரலில், "அம்மா, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"சரி சாமி," என்றாள் அம்மா, என்னிடம். போனை அவளே வைத்துவிட்டாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். மேடம் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, "அடுத்த ஆள்," என்றார். நான் நேராகக் குழாயடிக்குப் போய் இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடித்தேன். அம்மா வருவாளா மாட்டாளா என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை. சொல்லிவிட்டேன் என்பதே வயிறு நிறையப் போதுமாக இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. அப்பா துணிக் கட்டுகளோடு விடியற்காலையிலேயே லாரி ஏறி ஈரோடு போய்விட்டிருக்கிறார். அவர் போனதும் அம்மா தறிகளை நிறுத்திப் பட்டறையைப் பூட்டிவிட்டு மொபெட்டை எடுத்திருக்கிறாள். அதுவரை அவள் அந்த வண்டியை எங்கள் ஊருக்குள் மட்டும்தான் ஓட்டியிருந்தாள். நூல் மூட்டை எடுத்துவர, அரவை மில்லுக்குப் போக, அவ்வளவுதான். அன்று ராசிபுரம் தாண்டி, லாரிகளும் முட்டை வண்டிகளும் பறக்கிற நாமக்கல் ரோட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் இரண்டாவது பீரியடில் இருந்தேன். கேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். அது யாருடையது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது.

"ஏனுங்க, எம்புள்ளையப் பாக்கறதுக்கு உங்ககிட்ட நாள் கேக்கோணுமுங்களா?"

புதுப் பிள்ளைகளை மூன்று மாதம் கழித்து, அதுவும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கலாம் என்று வாட்ச்மேன் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

அம்மா கரஸ்பாண்டண்ட் சாரின் மேசைக்கு எதிரில் நின்றிருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் வெடித்த உதட்டைக் கட்டை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சாரிடம் திரும்பினாள். பேசி முடிக்கும் வரை அந்தக் கையை விடவில்லை.

சார் மரியாதையாகத்தான் பேசினார். "நடுவுல கூட்டிட்டுப் போனா குழந்தைக்கு ஒரு வருஷம் வீணாயிடும்மா."

"வருசம் போனாப் போகுதுங்க. புள்ள தண்ணி குடிக்கறதில்லீங்களே."

பக்கத்தில் நின்ற வார்டன் மேடம் குறுக்கிட்டார். "அந்தப் பழக்கம் போகணும்னுதாங்க அப்படிச் செஞ்சோம். நாலு பேர் முன்னால வெட்கம் வந்தா நின்னுடும்."

"வெக்கம் வந்து நின்னுச்சுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தறிக்காரரிடம் வேலை முடிந்ததா என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள். மேடம் சாரைப் பார்த்தார். சார் மேசையில் இருந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"டி.சி. இன்னைக்கே தர முடியாது," என்றார் சார் கடைசியில்.

"அது அவரு வந்து வாங்கிக்குவாருங்க. நான் புள்ளைய வாங்கிக்கறேன்."

மூன்று மாடி ஏறினோம். என் சாமான்களைப் பெட்டியில் போட்டோம். மெத்தை அன்றைக்குக் காலையில் காயப்போட்டது, இன்னும் சுவர் மேல்தான் கிடந்தது. கீழே வந்து பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு நடந்தாள். அப்போது இன்டர்வல் பெல் அடித்தது. எல்லா வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள்.

"வைங்கம்மா, ஆளை விட்டு எடுத்துட்டு வரச் சொல்றேன்," என்று வார்டன் மேடம் பின்னாலேயே வந்தார்.

"வேண்டாமுங்க. எம்புள்ள இத்தன நாளாத் தூக்குனது. இன்னைக்கு நான் தூக்கறேன்."

மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். ஓரமாகப் போகும் சிமெண்டுப் பாதையில் அவள் போகவில்லை. கிரவுண்டின் நடுவிலேயே நடந்தாள். ஒரு கை மெத்தையில், ஒரு கை என் கையில். அவசரப்படவே இல்லை. கோவில் திருவிழாவில் தீர்த்தக்குடம் எடுத்துப் போகிறவர்களின் நடை அது. முதுகு நேராக, கழுத்து ஆடாமல். எத்தனையோ காலைகளில் தலையைக் குனிந்து நான் சுற்றிய இடம். அன்று நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லா முகங்களையும் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து சேலத்துக்காரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பிறகு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். அவ்வளவுதான், மூன்று மாடியும் கத்த ஆரம்பித்தது. பகலெல்லாம் போயிருந்த கரண்ட் திடீரென்று வந்ததும் எங்கள் தெருவே ஒன்றாக 'ஹே' என்று கத்துமே, அந்த மாதிரி. 'மேட்டூர் டேம்' என்று யாரோ கத்தியதும் என் காதில் விழுந்தது. அதுகூட அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது.

பெட்டியை மொபெட்டின் முன்பக்கம் வைத்து, மெத்தையைப் பின்னால் கட்டி, அதன் மேல் என்னை ஏற்றி உட்காரவைத்தாள். வாளியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் கரும்புச் சாறு வண்டி ஒன்று நின்றிருந்தது. அம்மா நிறுத்தினாள். ஒரு டம்ளர் குடித்தேன்.

"இன்னொண்ணு குடிக்கறயா?"

குடித்தேன். "இன்னொண்ணு?" என்றாள் மறுபடி. மூன்றாவது டம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு மூச்சு வாங்கினேன். ஹாஸ்டலைப் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்ததில் தான் வண்டியோடு சோளக்காட்டுப் பக்கம் இறங்கப்போன கதையைச் சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கரும்புச் சாறு மூக்கில் ஏறும் அளவுக்கு.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசலில் பெட்டியைப் பார்த்ததும், "என்ன சாமி, லீவு உட்டுட்டாங்களா?" என்றார் முகம் மலர்ந்து. அம்மா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் அந்த மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்ல கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது?" என்றார் மெதுவாக.

"புள்ள ஊட்டுக்கு வந்துருச்சுன்னு சொல்லுங்க," என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட ஏஞ்சாமி சொல்லல? முந்தின வாரம் நாந்தான போன எடுத்தேன்."

"நீங்க சந்தோசமா இருந்தீங்கப்பா."

அவர் எழுந்து பட்டறைக்குள் போனார். சற்று நேரத்தில் தறிகள் ஓட ஆரம்பித்தன. அன்றிரவு நான் படுத்ததும் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை அவரே என்னை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை முன்னால் கைகட்டி நின்று இடம் கேட்டார். டி.சி. வாங்க ஹாஸ்டலுக்குப் போனவர், அங்கே என்ன பேசினார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு கிலோ மிக்சர் வாங்கி வந்தார்.

மெத்தை நனைவது உடனே நின்றுவிடவில்லை. வீட்டிலும் சில நாள் நனைந்தது. "நனைஞ்சா நனையட்டும், மெத்ததான," என்று அம்மா வெயிலில் எடுத்துப் போடுவாள். உதட்டுப் புண்ணும் எரிச்சலும் மாத்திரையில் போயின. நனைவது எப்போது நின்றது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அப்படி யாரும் கவனிக்காததால்தான் நின்றது என்று நினைக்கிறேன்.

சேலத்துக்காரி அரையாண்டு லீவில் கடை போனிலிருந்து பேசினாள். நான் வீட்டுக்கு வந்துவிட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூச்சி விழுந்த சாம்பாரைப் பற்றி ஒரு எட்டாம் வகுப்பு அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளாம். அதற்கடுத்த வாரம் இரண்டு பேர். எல்லோருக்கும் வாக்கியம் செய்து கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. பெற்றோர்கள் கார், பஸ், பைக் என்று வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் வார்டன் மாறிவிட்டார். போனைப் பிள்ளைகள் கையிலேயே கொடுக்கிறார்களாம். நனைகிற பிள்ளைகளுக்கு ரப்பர் ஷீட் வந்துவிட்டதாம். "நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா உனக்கும் ஒண்ணு கிடைச்சிருக்கும்," என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அவள் இப்போது அத்தாவின் கடையை நடத்துகிறாள். நானும் அதே சேலத்தில், அஸ்தம்பட்டியில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுகிறேன். படுக்கையறை பற்றிப் பேச்சு வந்தால், குழந்தைகள் எங்கே தூங்குவார்கள் என்றுதான் வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்பேன்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்குக் கோயமுத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்கிறேன் என்று நானே சொன்னேன். அப்பா திடுக்கிட்டார். தினமும் பஸ்ஸில் போய்வர முடியாதா என்றுகூடக் கேட்டார். சேர்க்கிற அன்று இருவரும் வந்தார்கள். அம்மா கட்டிலை அழுத்திப் பார்த்தாள். அப்பா ஹாஸ்டல் மேடத்தின் மேசை முன்னால் போய் நின்று, "ஏனுங்க மேடம், புள்ள எந்நேரம் வேணும்னாலும் ஊட்டுக்குப் போன் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். அந்த மேடம் குழம்பிப்போய், "அவங்ககிட்டதான் செல்போன் இருக்குதே சார்," என்றார். "அது இருக்குதுங்க. பண்ணலாமுங்களா?" என்றார் அப்பா மறுபடியும்.

அறையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பொள்ளாச்சி, ஒருத்தி தேனி, ஒருத்தி எங்கிருந்தோ வந்து பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்று பேச்சு வந்தபோது, எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் வாசலில் நின்றுகொண்டே இருந்தார்கள். போகிற மாதிரி தெரியவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க ரெண்டு பேரும்," என்று நான்தான் அவர்களை விரட்டினேன்.